'இ'க்குப் பிறகு வந்த சொல்

இனிதாவுக்குத் தன் பெயரைச் சொல்ல வராது.

மற்ற எழுத்துகளும் அவளிடம் முரண்டு பிடிக்கும் என்றாலும் 'இ' படுத்திய பாடு தனி. உதடு விரியும், கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். காற்று மட்டும் வராது. ஓட்டலில் இட்லி கேட்க முடியாமல் தோசை தின்று வளர்ந்தவள். புதிதாக யாராவது பெயர் கேட்டால் நோட்டின் அட்டையைத் திருப்பிக் காட்டுவாள். "ஊமையா?" என்று சிலர் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள். அதற்குக் கோபப்படுவது ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. பத்தாம் வகுப்புக்கு வந்தபோது களைப்பு மட்டும்தான் மிச்சம். அன்றைக்குப் பேச வேண்டியதையெல்லாம் விடிவதற்கு முன்பே மனதுக்குள் ஒத்திகை பார்த்து, வராத சொற்களைத் தள்ளி, வருகிற சொற்களைப் பொறுக்கி அடுக்கி, பள்ளி வாசலை மிதிக்கும்போதே ஒரு நாள் வேலையை முடித்தவள் போல அயர்ந்திருப்பாள்.

தூத்துக்குடியில் வெயில் தாங்காமல் பள்ளிக்கூடங்கள் விடிந்ததும் தொடங்கி உச்சிவேளையில் முடிந்துவிடும் காலம் அது. அவள் அப்பா சேசுராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது கிரேன்கள் தாமாகவே ஓடுகின்றன. அவர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அவற்றைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டெல்பினுக்கு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் தரம் பிரிக்கும் வேலை, நாள் முழுக்க ஐஸில் கை வைத்து நிற்கிற வேலை.

பள்ளியில் இனிதாவுக்கு இருந்த ஒரே தோழி பேச்சியம்மாள். உப்பளத்துக்காரி. குலசாமி பெயர், பெயருக்கேற்ற வாய். இருவருக்குமாகச் சேர்த்து அவளே பேசுவாள். ஆனால் இனிதா ஏதாவது சொல்லத் தொடங்கினால் மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். அது பொறுமை என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. மற்றவர்கள் சொல்லை முடித்துக் கொடுப்பார்கள். பேச்சிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அந்த வருடம்தான் ஓர் அறக்கட்டளை திக்குவாய் உள்ள மாணவர்களுக்குக் கழுத்துப்பட்டை கொடுக்கத் தொடங்கியது. இரண்டு விரல் அகலம், தோல் நிறம். நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கேமரா. பேச்சுப் பயிற்சி மையத்தில் டாக்டர் வகிதா அதை இனிதாவின் தொண்டையில் ஒட்டினாற்போல மாட்டிவிட்டார். அவள் வீட்டில் திக்காமல் பாடிய ஜெபப் பாடல்களிலிருந்து அவள் குரலை அது ஏற்கெனவே படித்து வைத்திருந்தது.

"பேச நினைச்சு வாயைத் திறந்தா போதும். மீதியை அது பாத்துக்கும். உன் பேர் என்ன?"

இனிதா வாயைத் திறந்தாள். உதடு விரிந்தது.

"இனிதா. இனிதா சேசுராஜ். பத்தாம் வகுப்பு படிக்கேன்."

அவள் குரல்தான். தங்குதடை இல்லாமல், கொஞ்சம் சிரிப்போடு. டெல்பின் அந்த அறையிலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த சில மாதங்கள் இனிதா பேசினாள். வகுப்பில் பாடம் வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படித்தாள். இதுவரை அவளைத் திரும்பிப் பார்க்காத பெண்கள் இடைவேளையில் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். பட்டை நன்றாகப் பேசியது. யாரிடம் எப்போது என்ன சொன்னால் முகம் மலரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. சில நேரம் அவள் நினைத்ததைவிட நல்ல பதிலாகச் சொல்லும். முதலில் அது வியப்பாக இருந்தது. பிறகு அவள் நினைப்பதைக் குறைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் ஏதோ ஒன்று வரும்; அது சரியாகவே இருக்கும். அப்படி இருப்பது ஓய்வு போலத்தான் இருந்தது. ஆனால் இரவு படுக்கப்போகும்முன் பட்டையைக் கழற்றும்போது, நாள் முழுக்க யாரோ ஒருத்திக்குப் பின்னால் ஓடியவள் போல அவளுக்கு மூச்சு வாங்கியது.

பேச்சிக்குத்தான் பிடிக்கவில்லை.

சைக்கிள் ஷெட்டில் ஒரு நாள் இடைவேளையில் அவளை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். "ஏட்டி, அதக் கழட்டிட்டுப் பேசு. ஒரு விசயம் சொல்லணும்."

"அப்புறம் பேசலாம்டி. பெல் அடிச்சிரும்" என்றது பட்டை. இனிதா 'அது ஒட்டிக்கிட்டு' என்று தொடங்க நினைத்திருந்தாள்.

"முந்தியெல்லாம் ஒரு வார்த்த சொன்னாலும் நீ சொன்னதுன்னு இருக்கும். இப்ப நியூஸ் வாசிக்கவ கூட உக்காந்த மாரி இருக்கு."

அதற்குப் பட்டை அழகாகச் சிரித்தது. பேச்சி அதன் பிறகு பேசவில்லை. இருவரும் மணி அடிக்கும்வரை ஒருவர் பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொல்ல வந்த விஷயம் என்ன என்று இனிதா கேட்கவும் இல்லை.

அதே இடைவேளையில்தான் வேதியியல் ஆய்வகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முழங்கையில் அமிலம் கொட்டியது. பூட்டி வைத்திருக்க வேண்டிய பாட்டில் மேசை விளிம்பில் இருந்திருக்கிறது. அந்த வாரம் அலமாரிச் சாவி பேச்சியின் பொறுப்பில் இருந்தது. விளையாட்டுக்கு எடுத்து வைத்தாள் என்று யாரோ சொன்னார்கள். உப்பளத்துப் பிள்ளைகள் முரடு என்று இன்னொருவர் சொன்னார். ஆய்வகப் பக்கமே போகவில்லை, இனிதாவோடு இருந்தேன் என்றாள் பேச்சி.

தலைமையாசிரியை அன்னபாக்கியம் இனிதாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் அடிபட்ட பெண்ணின் தாய் இருந்தாள், வேதியியல் ஆசிரியை இருந்தார், சுவரோரம் பேச்சி நின்றுகொண்டிருந்தாள். தலைமையாசிரியையின் முகம் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்த முகம். இந்தச் சங்கடம் சீக்கிரம் தீர்ந்தால் போதும் என்பது போல அவர் முன்னால் குனிந்து கேட்டார்.

"சொல்லும்மா. பேச்சியம்மாள் இடைவேளையில லேப்ல இருந்தாளா?"

'இல்ல மிஸ், எங்கூட இருந்தா' என்று சொல்ல இனிதா வாயைத் திறந்தாள். 'இ'யில் உதடு விரிந்தது.

"இருந்தா மிஸ்" என்றது அவள் குரல். "நான் பாத்தேன்."

தலைமையாசிரியையின் தோள்கள் தளர்ந்தன. இனிதா பதறி மறுபடி 'இல்ல' என்று தொடங்கினாள். பட்டை முந்திக்கொண்டது: "இருந்தா மிஸ். நல்லாப் பாத்தேன்." இந்த முறை குரலில் லேசான வருத்தம்கூட இருந்தது, தோழியைக் காட்டிக்கொடுக்க நேர்ந்த ஒருத்திக்கு இருக்கும் வருத்தம்.

பேச்சி அவளைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பட்டையைக் கழற்றியிருக்கலாம். கொக்கி பிடரியில்தான் இருந்தது. கை அங்கே போகவும் போனது. ஆனால் கழற்றினால் இத்தனை பேர் முன்னால் மறுபடி அந்த 'இ'. கண்ணை இறுக்கிக்கொண்டு, எச்சில் தெறிக்க, எல்லோரும் தரையைப் பார்க்க. இனிதாவுக்கு அசதியாக இருந்தது. "சரிம்மா, நீ போ" என்றார் தலைமையாசிரியை. அவள் போய்விட்டாள்.

பேச்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம், செய்முறைத் தேர்வு எழுதுவது சந்தேகம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் இடத்தில் வேறொருத்தி நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில் இனிதா தனியாகப் பயிற்சி மையத்துக்குப் போனாள். பட்டையை டாக்டர் வகிதாவின் மேசையில் வைத்துவிட்டு, நடந்ததைக் கொஞ்சம் பேசியும் கொஞ்சம் எழுதியும் சொன்னாள். தொண்டை முன்பைவிட மோசமாக இருந்தது. மாதக்கணக்காக வேலை இல்லாமல் கிடந்த தசைகள்.

டாக்டர் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பெண்மணி. நாள் முழுக்கப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்பவர்.

"உன் மனசுல இருக்கறது இதுக்குத் தெரியாது இனிதா. தொண்டை அசையறதை வச்சு முதல் எழுத்து என்னன்னு பிடிக்கும். அவ்வளவுதான் உன்கிட்ட இருந்து எடுக்கறது."

"மீ... மீதி?"

"எதிர்ல இருக்கறவங்க முகத்துல இருந்து. இந்தக் கேமரா எதுக்குன்னு நினைச்ச? அவங்க என்ன கேள்வி கேட்டாங்க, என்ன பதிலுக்குக் காத்திருக்காங்க, எதைச் சொன்னா பேச்சு தடைபடாம போகும்... அதைக் கணிச்சு அந்த எழுத்துல தொடங்கற சொல்லாப் பாத்துச் சொல்லும். பேச்சு நிக்கக் கூடாது, அதான் இதுக்குக் கொடுத்த வேலை."

"பொ... பொய்யின்னாலும்?"

"அதுக்குப் பொய் நிஜம் எதுவும் தெரியாதும்மா. தடங்கல் ஒண்ணுதான் தெரியும்." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சொல்லியிருக்கணும். முதல் நாள் சொல்லத்தான் வந்தேன். உங்கம்மா அழுதாங்க. அதுக்கப்புறம் வாய் வரல."

பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக வீட்டில் சொன்னபோது டெல்பின் சம்மதிக்கவில்லை. இறால் வாடை போகாத கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஒரு தடவ தப்பா சொல்லிச்சுன்னு தூக்கிப் போட்டுருவியா? பரீட்ச வருது. வாய்மொழித் தேர்வு இருக்கு. நாளைக்கு காலேஜுல, வேலைக்குன்னு போற எடத்துல என்ன செய்வ மக்கா?"

இனிதா தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

டெல்பின் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில் கேட்டாள். "நான் வேலைக்குப் போயிட்டு வந்தா வாசல்லயே கேப்பியே... கை ரொம்ப மரத்துப் போச்சாம்மா, எண்ணெ தேச்சு விடட்டுமான்னு. அது யாரு கேட்டது? நீயா, அதுவா?"

இனிதாவால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. திக்கல் காரணமில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நான்தான் என்று சொன்னால் அம்மா மலர்ந்துவிடுவாள்.

"தெ... தெரியலம்மா" என்றாள்.

டெல்பின் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இனிதா பிறகு அடுக்களையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, ஒன்றும் பேசாமல், அம்மாவின் கையைப் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினாள். கை விறைத்துத்தான் இருந்தது. டெல்பின் இழுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியையின் அறைக்கு வெறும் கழுத்தோடு போனாள்.

"மிஸ். பே... பேச்சி லே... லேப்ல இ..."

அங்கேயே நின்றுவிட்டது. அன்னபாக்கியம் பேனாவை வைத்தார். "பட்டை எங்க? போட்டுக்கிட்டு சொல்லும்மா. எனக்குக் கூட்டம் இருக்கு."

இனிதா தலையசைத்தாள். உதடு விரிந்தபடியே இருந்தது. கண் இறுகியது. தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடி முன் நின்று பார்த்திருக்கிறாள். வழக்கமாக அந்த நினைப்பு வந்ததும் சொல்லை விட்டுவிடுவாள். இப்போது விடவில்லை. வெளியே மணி அடித்தது. வராந்தா முழுக்கக் காலடி நிரம்பி வடிந்தது. தலைமையாசிரியை ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், ஒருமுறை சன்னலைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் அவளைப் பார்த்தார்.

"இல்ல" என்றாள் இனிதா. வியர்த்திருந்தது. "இல்ல மிஸ். எங்... எங்கூட இ... இருந்தா. சைக்கிள் ஷெட்ல."

"அன்னிக்கு 'இருந்தா'ன்னு அவ்வளவு தெளிவா சொன்ன. இன்னிக்கு முழுங்கி முழுங்கி இல்லங்கிற. ரெண்டுல எத நான் நம்ப? யாரும் சொல்லிக் குடுத்து வந்தியா?"

இனிதா பையிலிருந்து பட்டையை எடுத்தாள். "கே... கேளுங்க மிஸ். அவ அ... அங்க இல்லன்னு ந... நல்லா நெனச்சிக்கிட்டுக் கேளுங்க." மாட்டிக்கொண்டாள்.

"என்ன விளையாட்டு இது?" என்றாலும் அன்னபாக்கியம் கேட்டார். மனதுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். முகத்தை மாற்றிக்கொண்டு கேட்டார்: "பேச்சியம்மாள் லேப்ல இல்லதானம்மா?"

"இல்ல மிஸ். எங்கூடத்தான் இருந்தா, பாவம்" என்றது பட்டை, இனிதா வாயைத் திறந்ததுமே பளிச்சென்று.

அன்னபாக்கியம் நாற்காலியிலிருந்து எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து இனிதாவின் எதிரே நின்றார். மாணவிகளை விசாரிக்கும்போது வழக்கமாகச் செய்வது போல புருவத்தைச் சுருக்கி, விரலை நீட்டி, உரத்த குரலில் கேட்டார்: "அப்போ அந்த பாட்டில எடுத்தது நீதான். என்ன?"

இனிதா 'இல்ல' என்று வாயைத் திறந்தாள்.

"இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்க மிஸ்" என்றது அவளுடைய குரல், தழுதழுத்து. "நான்தான் எடுத்தேன். தெரியாம செஞ்சிட்டேன்."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. இனிதா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கொட்டியது. அந்த முகம் ஒன்று சொன்னது, குரல் வேறொன்று சொல்லி முடித்திருந்தது.

"கழட்டு" என்றார் அன்னபாக்கியம். "கழட்டும்மா அத."

அவரே பிடரிக் கொக்கியை எடுத்துவிட்டார். பிறகு தன் நாற்காலிக்குப் போகாமல், பெற்றோர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இத்தன வருசமா பிள்ளைகள விசாரிக்கேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "இதே மாரி நின்னு, இதே மாரி விரல நீட்டி. நான் நெனச்சதச் சொல்லிட்டுப் போன பிள்ளைக எத்தனயோ. அதுகளுக்கெல்லாம் பட்டைகூட இல்ல."

அலமாரியின் பூட்டு சரியாக விழுவதில்லை என்பதும், பாட்டிலை வெளியே வைத்தது இடைவேளைக்கு முன் ஆய்வகத்தில் இருந்த வகுப்பினர் என்பதும் இரண்டு நாளில் தெரிந்தது. யாரும் மைக்கில் அறிவிக்கவில்லை. பேச்சியின் வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளையை அனுப்பச் சொன்னார்கள்.

பேச்சி வந்தாள். கறுத்திருந்தாள், வீட்டில் இருந்த நாளெல்லாம் உப்பு வாரப் போயிருக்கிறாள். வகுப்பில் தன் பழைய இடத்தைக் கேட்காமல் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இனிதாவின் பக்கம் திரும்பவில்லை. பள்ளி விட்டதும் பேருந்து நிறுத்தத்தில், வெயில் தார்ச்சாலையில் நெளிந்துகொண்டிருந்தபோது, இனிதாவே போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ம... மன்னிச்சிரு பேச்சி. அ... அன்னிக்கே கழட்டியிருக்கணும். எ... எனக்கு வெக்கமா இருந்துச்சி."

இதைச் சொல்ல நேரமாயிற்று. நிறுத்தத்தில் நின்ற இரண்டு பெண்கள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். பேச்சி காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

"பெரிய மிஸ் எல்லாத்தயும் சொன்னாவ" என்றாள். "அது இன்னும் ஒங்கிட்ட இருக்கா?"

இனிதா பையைத் தொட்டுக் காட்டினாள். "நா... நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"எனக்குத் தாயேன்."

இனிதாவுக்குப் புரியவில்லை. "ஒ... ஒனக்கு எதுக்கு? நீதான் ந... நல்லாப் பேசுவியே."

"பேசுனேன்ட்டி. லேப் பக்கமே போவலன்னு ஒரு தடவயா ரெண்டு தடவயா, மூச்சு விடாம சொன்னேன். திக்கல, முழுங்கல. அம்மா வந்து கால்ல விழுந்து சொன்னா. ஒருத்தரும் நம்பல. அது ஒரே ஒரு வார்த்த சொல்லிச்சி, எல்லாரும் நம்புனாவ." பேச்சியின் குரலில் கோபம்கூட இல்லை. சலித்துப்போய், கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்பது போலக் கேட்டாள். "எனக்கு அப்படி ஒரு குரல் வேணும். குடு."

இனிதா வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது 'இது' என்று தொடங்கியது. 'அந்தப் பட்டை' என்று தொடங்கியிருக்கலாம், 'பேச்சி' என்று தொடங்கியிருக்கலாம். அவள் மாற்றவில்லை. உதடு விரிந்து நின்றது. கண் இறுகியது.

ஓட்டுநர் இல்லாத நகரப் பேருந்து வந்து நின்று கதவைத் திறந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். ஏறுங்கள் என்று கதவு இரண்டு முறை அழைத்தது. பேச்சி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இனிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு மூடிக்கொண்டது. பேருந்து போயிற்று. உப்பும் தூசியுமாகக் காற்று இருவர் மேலும் அடித்தது.

"இது எனக்கே வே... வேண்டாம்ட்டி. ஒனக்கு எப்படித் தருவேன்?"

பேச்சி யோசித்தாள். "அப்ப நாளைக்கும் எவளாவது எம்மேல பழியப் போட்டா?"

"நா... நான் வந்து சொல்லுதேன்" என்றாள் இனிதா. பிறகு, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக, "நே... நேரமாவும்" என்றாள்.

"ஆவட்டும்" என்றாள் பேச்சி.

அடுத்த பேருந்து கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இல்லை. இருவரும் நிழலில் ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.